இந்தியச் சமையலைப் புத்தகங்களின் வழியே கற்பது எப்படி?

இந்தியச் சமையல் என்பது ஒரே சமையல் அன்று; ஆகவே நாடு முழுவதையும் ஒரே அட்டைக்குள் அடக்க முயலும் தடித்த நூலை விட, ஒரு வட்டாரத்தை ஆழமாகச் சொல்லும் நூலில் தொடங்குவதே நல்லது. தென்னிந்தியச் சைவச் சமையலுக்கு, எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வெளிவந்த ‘சமைத்துப் பார்’ இன்றும் என் முதல் பரிந்துரை.

எந்த நூலையும் வாங்குமுன் அதில் தாளிப்பு எப்படி விளக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். கடுகு வெடித்து அடங்க வேண்டும், உளுத்தம்பருப்பு பொன்னிறமாக வேண்டும் என்று கண்ணுக்கும் காதுக்கும் அடையாளம் சொல்லும் நூல், நிமிடக் கணக்கை மட்டும் தரும் நூலை விடப் பெரிதும் உதவும்; ஏனெனில் அடுப்பின் சூடும் பாத்திரத்தின் கனமும் வீட்டுக்கு வீடு மாறுபடும்.

முதல் முறை குறிப்பில் உள்ளபடியே சமையுங்கள். அடுத்த இரண்டு முறைகளில் புளி, உப்பு, காரம் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

சுவைத்து ரசிக்க உணவு வரலாறும் துணைசெய்யும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை என்றும், அதற்கு முன் நம் காரத்திற்கு மிளகே முதன்மையாக இருந்தது என்றும் அறிந்தபின், ஒரு நாள் மிளகாயும் தக்காளியும் சேர்க்காமல் மிளகு ரசம் வைத்துப் பாருங்கள்.