டெல்லிக்குப் போகும் கணக்கில் மழை இல்லை: பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் மாதம். பள்ளி வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். தலைமையாசிரியர் மேசையில் ஒரு படிவம், பக்கத்தில் போன வருடத்துப் படிவத்தின் நகல். "சார், இதையே எழுதிடலாமா? தேதியை மட்டும் மாத்திக்கறேன்." கடலூர் மாவட்டத்தில் வட்டார வள மைய வேலையாகப் பள்ளி பள்ளியாகச் சுற்றிய காலத்தில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. பாதி நேரம் "எழுதிடுங்க" என்று சொல்லியும் இருக்கிறேன். அதனால் கீழே வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தப் படிவத்தின் பெயர் பள்ளி வளர்ச்சித் திட்டம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழுவையும், 22-ஆம் பிரிவில் அந்தக் குழு எழுத வேண்டிய இந்தத் திட்டத்தையும் சொல்கிறது. மூன்று வருடத்துக்கான திட்டம். அதற்குள் வருடத்துக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், என்ன கட்டடம் வேண்டும், பள்ளிக்கே வராமல் போன பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க என்ன செலவாகும், எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

"மேலே இருந்து வரும்" என்று நினைப்பது

தேசியத் திட்டம் என்றால் டெல்லியில் யாரோ எழுதி அனுப்புவது என்றுதான் பெற்றோரும் ஆசிரியரும் நினைக்கிறார்கள். ஏட்டில் வழி தலைகீழ். பள்ளியின் தேவை வட்டாரத்துக்குப் போகிறது, அங்கிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டங்கள் சேர்ந்து மாநிலத்தின் ஆண்டுத் திட்டமும் பட்ஜெட்டும் ஆகின்றன. அதை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் வாரியம் உட்கார்ந்து பார்த்து, வெட்டி, ஒட்டி, தொகை போடுகிறது. 2018-இல் சர்வ சிக்ஷா அபியான், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வி மூன்றையும் ஒன்றாக்கி வந்த சமக்ர சிக்ஷாவின் நடைமுறை இதுதான். நம் ஊரில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்கிறோம். செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 பங்கு.

நடப்பில், கீழிருந்து வருவது பெரும்பாலும் வெற்றுக் காகிதமாக இருப்பதால், மேலே இருப்பவர்கள் யூடைஸ் (நாடு முழுவதும் பள்ளிகளிடம் திரட்டும் புள்ளிவிவரம்) எண்களை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் போட்டுவிடுகிறார்கள். போன வருடத்துப் படிவத்தை நகலெடுத்து அனுப்புகிறவர், "எங்கள் ஊருக்கு எதுவும் வரவில்லை" என்று குறைப்படும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். நானும்தானே உடந்தை.

மழைக்கு முன்னால் எண்ணிவிட்டு மழைக்குப் பின்னால் திட்டமிடுவது

இது எங்கள் பக்கத்துக்கே உரிய தவறு. பெரியதும் இதுதான். யூடைஸ் கணக்கில் நெடுங்காலமாக வழங்கிவந்த குறிப்பு நாள் செப்டம்பர் 30. அன்றைக்குப் பள்ளியில் எத்தனை பிள்ளை, எத்தனை வகுப்பறை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் அந்தத் தேதியின் நிலவரம். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். வளர்ச்சித் திட்டத்தையோ, மத்திய அரசின் மாதிரி விதிப்படி, நிதியாண்டு முடிய மூன்று மாதத்துக்கு முன் முடிக்க வேண்டும். அதாவது டிசம்பர் கடைசி. ஆக, மழைக்கு முந்திய எண்ணை வைத்துக்கொண்டு மழைத் தண்ணீரில் நின்று திட்டம் எழுதுகிறோம்.

டிசம்பர் எங்களுக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015-இல் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் ஓரத்துக் குடியிருப்புகளில் புகுந்தது. செப்டம்பர் 30 அன்று "நல்ல நிலையில்" என்று டிக் அடித்த வகுப்பறை, டிசம்பரில் நிவாரண முகாமாகவோ சேறாகவோ இருக்கும்.

கட்டடத்தையாவது பொறியாளர் வந்து பார்ப்பார். போன நாட்களை யார் எண்ணுவது? சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு வருடம் 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். மழை விடுமுறையைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டி அந்த எண்ணைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் பள்ளி திறந்த நாளும் பிள்ளை வந்த நாளும் ஒன்றா?

கெடிலம் ஆற்றோரத்துப் பள்ளி ஒன்றில் ஒரு தலைமையாசிரியை, வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தார். ஒரு பத்தியில் ஆட்சியர் அறிவித்த விடுமுறை நாட்கள். அடுத்த பத்தியில், பள்ளி திறந்தும் ஆற்றோரத் தெருவிலிருந்து ஒருவர்கூட வராத நாட்கள். மூன்றாவது பத்திக்குத் தலைப்பே இல்லை. "பை நனைந்தது", "சீருடை காயவில்லை", "முகாமில் இருக்கிறார்கள்" என்று சின்னச் சின்னக் குறிப்புகள். மற்றத் தெருக்களுக்கு ஒரு வாரம் போயிருந்தால், அந்தத் தெருவுக்கு மூன்று வாரம் போயிருந்தது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியை. சமத்துவம் என்ற சொல்லை அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பயிற்சியில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது அந்தப் பென்சில் கட்டத்தில்தான்.

"இதைத் திட்டத்தில் எழுதினீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். "அதுக்குப் படிவத்துல இடம் இல்லையே சார்" என்றார்.

இடம் இல்லைதான். தனித்தாளில் எழுதி இணையுங்கள், குழுவின் தீர்மானமாகப் போடுங்கள். ஜனவரியில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, இரண்டாவது செட் நோட்டு, பாடப்புத்தகம் வைக்க உயரமான அலமாரி என்று குறிப்பாகக் கேளுங்கள்.

சராசரியை நம்புவது

தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம். சரி, இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். உள்ளடங்கிய சிற்றூரில் ஒன்று: 20 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். நகர ஓரத்தில் ஒன்று: 160 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள். கூட்டிப் பார்த்தால் 180 பிள்ளைக்கு 6 பேர். சரியாக 30-க்கு 1. அறிக்கையில் பச்சை நிறம்.

உள்ளே போய்ப் பாருங்கள். நகர ஓரப் பள்ளியில் ஒருவருக்கு 40 பிள்ளைகள். சட்டப்படி 120 தாண்டினாலே ஐந்து ஆசிரியர் வேண்டும், 150 தாண்டினால் தலைமையாசிரியர் தனி. சிற்றூர்ப் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ எமிஸ் (தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) வேலைக்கோ போனால் மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித்தர வேண்டும். இரண்டு பள்ளியிலும் குறை இருக்கிறது, கூட்டுத்தொகையில் மட்டும் இல்லை.

புதுச்சேரியில் இதே கதை வேறு உருவில். புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்துக்குள் ஏனாம்: நான்கும் ஒரே ஒன்றியப் பிரதேசம், தேசிய அட்டவணையில் ஒரே வரிசை, ஒரே எண். அந்த எண்ணைக் காட்டி "பார், புதுச்சேரி எங்கேயோ போய்விட்டது" என்று கடலூரில் பேசுவதையும், "தமிழ்நாட்டில் எவ்வளவோ தேவலாம்" என்று புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேச்சாலும் ஒரு பள்ளிக்கும் பிரயோசனம் இல்லை.

"இடைநின்றோர்: இல்லை"

பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை கரும்பு வெட்டப் போன குடும்பத்தோடு போயிருக்கும், அல்லது செங்கல் சூளையில் இருக்கும். இடைநின்றோர் கட்டத்தில் பூஜ்யம் போடுகிறோம். ஏன்? எண் எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்ற பயம். இந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையை எழுதியவருக்கு நோட்டீஸும், மறைத்தவருக்குப் பாராட்டும் கிடைத்ததைப் பார்த்தவன் நான். இது திட்டமிடுகிறவர்கள் பக்கம் உள்ள தவறு.

ஆனால் பூஜ்யம் போட்டால் நடப்பது இது: சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. அதற்கு ஆள், இடம், பணம் எல்லாம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்தான் வரும்.

எல்லை ஊர்களில் இதற்கு நேர்மாறான சிக்கல். கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், புதுச்சேரிக்குள் இருக்கும் கன்னியக்கோயிலுக்கு வீடு மாறுகிறது. நடந்தே போகிற தூரம். ஆனால் பிள்ளை எமிஸை விட்டு வேறொரு நிர்வாகத்துக்குள் போகிறது. டி.சி. வாங்காமல் போனால் இந்தப் பக்கம் அது இடைநின்ற பிள்ளை, அந்தப் பக்கம் அது புதுப் பிள்ளை. 2022-23 முதல் யூடைஸில் பிள்ளைவாரியாகப் பதிவு செய்கிறார்கள் என்பதால், பழைய பதிவை விடுவித்து மாற்றிக் கொடுப்பது இரண்டு தலைமையாசிரியர்களின் வேலை. ஒரு போன் போட்டால் முடிகிற காரியம் மாதக்கணக்கில் கிடக்கும்.

டிக் அடித்துவிட்டு நகர்வது

சாய்தளம் உண்டா? உண்டு. டிக். இதைப் போல என்னை எரிச்சல்படுத்திய கட்டம் வேறு இல்லை. சாய்தளத்துக்குச் சரிவு 12-க்கு 1 என்பது அளவு. அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் பக்கம் தரைமட்டத்தை மூன்று அடி உயர்த்திக் கட்டுகிறார்கள். அப்படியானால் சாய்தளம் 36 அடி. நான் பார்த்த பலவும் பத்தடிக்குள் முடிந்தவை. ஒரு பள்ளியில் சக்கர நாற்காலியோடு வந்த பையனை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். சாய்தளத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு டேப் எடுத்து அளந்து, உயரம் இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று எழுதினால், அந்தக் கட்டத்தில் யாரும் 'உண்டு' என்று போட முடியாது.

கழிப்பறைக்கும் இதே கதைதான். எண்ணிக்கையோடு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

தரம் என்றால் டைல்ஸ்

பெரும்பாலான திட்டங்களில் முதல் வரி சுற்றுச்சுவர், இரண்டாவது வரி டைல்ஸ், மூன்றாவது ஸ்மார்ட் போர்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்கிறதா என்ற வரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை; சாலையோரப் பள்ளிக்குச் சுவர் உயிர். ஆனால் பணம் கேட்கும் பட்டியலாக மட்டுமே திட்டத்தைப் பார்ப்பதால், காசு செலவாகாத விஷயங்கள் அதில் ஏறுவதே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுபோகிற பெண் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பஸ் பாஸ் கையில் இருக்கும், பள்ளி விடும் நேரத்துக்கு டவுன் பஸ் இருக்காது. போக்குவரத்துக் கழகக் கிளைக்குக் குழுவின் தீர்மானத்தோடு ஒரு கடிதம் போனால் பதினைந்து நிமிடம் முன்பின் மாற்றித் தருவார்கள். பள்ளி எட்டாத தூரத்தில் உள்ள குடியிருப்புகளுக்கு, சமக்ர சிக்ஷாவிலேயே பிள்ளைக்கு வருடம் 6,000 ரூபாய் வரை போக்குவரத்துக்கு இடம் உண்டு. குடியிருப்பின் பெயரும் தூரமும் திட்டத்தில் இருந்தால்தான் கேட்க முடியும்.

பணமே நின்றுபோகும் வருடமும் உண்டு. 2024-25-இல் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாத விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கான சுமார் 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படவில்லை. அப்படிப்பட்ட வருடத்தில் வாசிப்பு நேரமும் பஸ் நேரமும் எழுதி வைத்திருந்த பள்ளிக்குச் செய்ய ஏதோ வேலை மிச்சம் இருந்தது.

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு

குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும். கூட்டத்தன்று நூறு நாள் வேலைக்கும் முந்திரித் தோப்புக்கும் போனவர்களின் கையெழுத்து, மறுநாள் பிள்ளை மூலம் நோட்டு வீட்டுக்குப் போய் வரும்.

கடலோரக் கிராமம் ஒன்றில், நாங்கள் எவ்வளவு சொல்லியும் பெண்கள் வரவில்லை. பிறகு சத்துணவு அமைப்பாளர்தான் சொன்னார்: "மூணு மணிக்கு வெச்சா எப்படி சார் வருவாங்க? காலையில ஏலம் எடுத்துட்டு கூடையோட டவுனுக்குப் போறவங்க திரும்பவே அஞ்சு ஆகும்." ஒரு முறை மாலை ஆறு மணிக்கு, பள்ளியில் இல்லாமல் கோயில் திடலில் வைத்தோம். பதினோரு பேர் வந்தார்கள். படிவத்தை வரி வரியாக வாசித்தேன். குடிநீர் வசதி, உண்டு என்று வந்ததும் ஓர் அம்மா கையை உயர்த்தினார். "குழாய் இருக்கு சார். ஒண்ணாவது படிக்கிற புள்ளைக்கு எட்டாது. எம்பொண்ணு காலையில இருந்து தண்ணி குடிக்காமத்தான் வீட்டுக்கு வருது."

மறுநாள் போய்ப் பார்த்தேன். குழாய் என் இடுப்புக்கு மேலே இருந்தது.