ஸ்கிப்பரை அந்துப்பூச்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள்

போன ஞாயிறு பாகூர் ஏரிக்கரையில் புதியவர்கள் நான்கு பேரோடு நடந்தேன். வெட்டுக்காயப்பூண்டின் மேல் ஒரு பழுப்புப் பூச்சி வந்து உட்கார்ந்தது. "ஏதோ அந்துதாண்ணே" என்றார் ஒரு தம்பி. கேமராவைத் தூக்கவே இல்லை. ஆனால் அது ஸ்கிப்பர் என்கிற பட்டாம்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அதே கரையில் நானும் அதையேதான் சொன்னேன்.

அழகாக இருந்தால் பட்டாம்பூச்சி, மங்கலாக இருந்தால் அந்து என்கிற பேச்சுக்குள் போகவில்லை. நாலு வாரம் சுற்றினால் அது தானாகப் போய்விடும். புதியவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

உட்காரும் விதத்தை வைத்து முடிவு கட்டுவது

இதுதான் என்னை இன்னும் வயிறெரிய வைக்கும் தவறு. இறக்கையை மேலே கூப்பினால் பட்டாம்பூச்சி, தட்டையாக விரித்தால் அந்து என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். குறுந்தொட்டிச் செடிகளைச் சுற்றி, கறுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த குட்டிப் பூச்சி ஒன்று விரித்தபடி உட்காரும். இந்தியன் ஸ்கிப்பர். இரண்டு மழைக்காலம் எடுத்த படங்களை 'அந்து' ஃபோல்டரில் போட்டேன். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் முதலில் அழித்தது அந்த ஃபோல்டரைத்தான். பிறகு ஏரியின் பட்டாம்பூச்சிப் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது, கண்ணால் பார்த்ததற்குக் கையில் ஒரு படம்கூட இல்லை.

புல்வெளி ஸ்கிப்பர்கள் இன்னும் குழப்பும். வெயில் காயும்போது பின்னிறக்கையைத் தட்டையாக விரித்து, முன்னிறக்கையைச் சாய்வாகத் தூக்கி, ஜெட் விமானம்போல் நிற்கும். புங்க இலைக்கு அடியில் ஒளியும் பேண்டட் ஆல் (Banded Awl) என்கிற ஸ்கிப்பர் இறக்கையை மூடியே வைத்திருக்கும். எல்லாம் ஒரே குடும்பம்தான்.

பார்க்க வேண்டியது உணர்கொம்பு. ஸ்கிப்பரின் தலை அகலம். கொம்புகள் இரண்டும் தள்ளித் தள்ளி, கண்ணை ஒட்டி முளைத்திருக்கும். நுனிக்குச் சற்று முன் தடித்து, அதற்கு மேல் மெல்லியதாகி, தூண்டில் முள்போல் பின்னால் வளையும். மற்ற பட்டாம்பூச்சிகளுக்கு நுனியில் வெறும் குமிழ்தான். அந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு நூல் அல்லது இறகு மாதிரி.

பருந்து அந்துக்கும் கொம்பு நுனி லேசாக வளையும், கவனம். ஆனால் பகலில் வரும் பருந்து அந்து பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும்.

பல அந்துகளுக்கு முன், பின் இறக்கைகளைப் பூட்டும் முள் உண்டு. ஸ்கிப்பர்களில் ஆஸ்திரேலியாவின் ரீஜென்ட் ஸ்கிப்பர் ஆணுக்கு மட்டுமே அது இருக்கிறது. வயலில் நின்று அதைப் பார்க்க முடியாது. நம்ப வேண்டியது கொம்பைத்தான்.

பொழுது சாய்ந்து பறந்தால் அந்து என்பது

கடலூர்ப் பக்கத் தென்னந்தோப்பில் பொழுது சாயும்போது நில்லுங்கள். ஜயண்ட் ரெட்ஐ (Giant Redeye) என்கிற ஸ்கிப்பர் கிளம்புவது அந்த நேரத்தில்தான். கண் ரத்தச் சிவப்பு. கீற்றைச் சுருட்டி உள்ளே இருக்கும் அதன் புழுவின் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல். நோய் என்று நினைத்து மருந்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேல்பக்கம் மட்டும் படம் எடுப்பது

நெல்வயல் ஸ்கிப்பர்களைப் பிரிப்பது பின்னிறக்கையின் அடிப்பக்கப் புள்ளிகள். பக்கவாட்டுப் படம் இல்லாவிட்டால் பெயர் கிடையாது.

கையால் பிடிப்பது

வேண்டாம். செதில் உதிரும்.

துரத்துவது

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பெரும்பாலும் அதே புல்நுனிக்குத் திரும்பி வரும்.