13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் புரொசஸர்: வைத்திருப்பதா, மாற்றுவதா?

கேமைத் திறந்தால் ‘வீடியோ மெமரி போதாது’ என்று காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்ட்டிலோ 12 ஜிபி மெமரி சும்மா கிடக்கிறது. என்விடியா டிரைவர் பாதியில் நிற்கிறது. பெரிய ஸிப் கோப்பை விரித்தால் சீஆர்சி பிழை, அதாவது கோப்பு கெட்டிருக்கிறது என்ற அறிவிப்பு. மறுபடி விரித்தால் வேறொரு கோப்பில் அதே பிழை. கிராபிக்ஸ் கார்ட்டையும் ரேமையும் மாற்றிக் காசைக் கரைக்க முன்னர் புரொசஸரைச் சந்தேகியுங்கள்.

படி 1: உங்களுடையது பட்டியலில் இருக்கிறதா?

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ், அதில் சிபியு. வலது மேல் மூலையில் பெயர் இருக்கும். ஐ5 என்றால் 13600, 14600 இரண்டிலும் கே அல்லது கேஎஃப் என்று முடிபவை. ஐ7, ஐ9 என்றால் 13700, 13900, 14700, 14900 வரிசைகள்; பின்னால் எழுத்தே இல்லாதவையும் எஃப் என்று மட்டும் முடிபவையும் சேர்த்தி. 12ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

நடப்பது இதுதான். கோர்களுக்குத் துடிப்பு அனுப்பும் கடிகாரச் சுற்று, கூடிய வோல்டேஜாலும் சூட்டாலும் முதிர்ந்து போகிறது. புரொசஸரின் மைக்ரோகோட் (அதற்குள் ஓடும் கட்டளைத் தொகுதி) தேவைக்கு மேலான வோல்டேஜைக் கேட்டதும், மதர்போட்டுகள் பவர் எல்லையைத் திறந்து விட்டதும் அதைத் துரிதப்படுத்தின. இன்டெல் 2024 ஆகஸ்டில் 129, செப்டெம்பரில் 12பி, 2025 மே மாதத்தில் 12எஃப் என்று திருத்திய மைக்ரோகோட்டுகளை வெளியிட்டது. மதர்போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்தால் இவை கூடவே வரும். ஆனால் இவை தடுப்பூசி மாதிரி. கெட்டுப்போன சுற்றை எந்த அப்டேட்டும் திருப்பித் தராது. ஆகவே ‘பயோஸ் போட்டாச்சு, இனிப் பிரச்சினை இல்லை’ என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: பயோஸைப் புதுப்பியுங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ‘மைக்ரோகோட் அப்டேட் ரிவிஷன்’ என்ற வரியைப் பாருங்கள். குறைந்தது 12பி இருக்கவேண்டும். கடையில் சிசிடிவிக்காக நாட்கணக்கில் அணைக்காமல் ஓடும் கொம்பியூட்டருக்கு 12எஃப் அவசியம். நாட்கணக்கில் இலேசான வேலையோடு ஓடுபவற்றுக்காகவே அது வந்தது.

பயோஸ் கோப்பை வேறொரு கொம்பியூட்டரில் இறக்கி, அங்கேயே விரித்து, ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். பழுதான புரொசஸர் முதலில் தடுமாறுவதே ஸிப் விரிப்பதில்தான். அதை நம்பி பயோஸ் கோப்பை விரிக்கக்கூடாது. மதர்போட்டில் பயோஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் அதையே பாவியுங்கள், அது புரொசஸரைத் தொடாமல் எழுதும். விண்டோஸ் 11 இல் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புத் திறப்பை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பயோஸ் மாறியதும் கேட்கக்கூடும்.

கரண்ட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒக்டோபர் மாதத்துப் பின்னேர இடிமழை நேரத்தில் பயோஸ் எழுதாதீர்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்று நம்ப முன்னர், கொம்பியூட்டர் ஓடும்போது யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். பீப், பீப் என்று கத்திக்கொண்டு பத்து நிமிடம் தாங்கினால் போதும். உடனே அணைந்தால் பெட்டரி செத்துவிட்டது. முதலில் அதை மாற்றுங்கள்.

எழுதி முடிந்ததும் பயோஸுக்குள் போய் ‘இன்டெல் டிஃபோல்ட் செட்டிங்ஸ்’ஐத் தெரிவுசெய்யுங்கள். ஐ9 14900கே என்றால் உச்ச பவர் 253 வாட், ஐ5 14600கே என்றால் 181 வாட். 4095 என்று தெரிந்தால் எல்லையே இல்லை என்று பொருள்.

படி 3: சோதனை

ரேமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயோஸில் அணையுங்கள். இல்லாவிட்டால் ரேமின் குற்றம் புரொசஸரின் தலையில் விழும்.

பலர் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திருப்தியடைகிறார்கள். அது போதாது. எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகமும் வோல்டேஜும் இறங்கிவிடும். ஒன்றிரண்டு கோர் மட்டும் 6 கிகாஹெர்ட்ஸ் வரை தாவும் இலேசான வேலையில்தான் வோல்டேஜ் உச்சத்துக்குப் போகும். எனவே 20 ஜிபி அளவுள்ள கோப்புறை ஒன்றை செவன்-ஸிப்பில் சுருக்கி, அதன் ‘டெஸ்ட்’ கட்டளையைப் பத்துத் தடவை ஓட்டுங்கள். பிறகு இன்டெலின் புரொசஸர் டயக்னொஸ்டிக் கருவி. கடைசியாக விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து ‘டபிள்யூஎச்ஈஏ-லொகர்’ என்ற பெயரைத் தேடுங்கள். 19ஆம் எண் பதிவுகள் புரொசஸர் தானே திருத்திக்கொண்ட பிழைகள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில், ஏசி இல்லாத அறையில், மத்தியானம் சோதியுங்கள். சூடு 100 பாகையைத் தொட்டால் கூலரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள்.

படி 4: முடிவு

பிழையே வரவில்லையா? வைத்திருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படி 3ஐத் திரும்பச் செய்யுங்கள். வாங்கிய பில்லைப் படமெடுத்து வையுங்கள், அச்சு மங்கிவிடும்.

ஒரேயொரு பிழை வந்தாலும் சரி, ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தும் அது போகாவிட்டால், புரொசஸரை மாற்றவேண்டும். வேகத்தைக் குறைத்தால் பிழை நிற்கும், உண்மைதான். ஆனால் கலியாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோவுக்கு அது ஆபத்து: புரொசஸர் ஒரு பிட்டைப் பிழையாக எழுதினால் கோப்பு கெட்டது பல நாள் கழித்துத்தான் தெரியும்.

பெட்டியோடு வாங்கியிருந்தால் வாரண்டி மூன்று வருடமல்ல, ஐந்து வருடம். இந்த வகைகளுக்கு இன்டெல் இரண்டு வருடம் கூட்டியது. பெட்டியின் லேபலிலுள்ள தொகுதி எண்ணையும் வரிசை எண்ணையும் கேட்பார்கள். ட்ரே என்று பெட்டியில்லாமல் வாங்கியிருந்தால், அல்லது பூட்டிய கொம்பியூட்டராகவே வாங்கியிருந்தால், விற்ற கடைதான் பொறுப்பு. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இப்போது வாங்கப் போகிறவர்கள் பில்லில் ‘பெட்டி’ அல்லது ‘ட்ரே’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாரண்டி எதுவும் இல்லையென்றால் முழுக் கொம்பியூட்டரையும் தூக்கி எறியவேண்டாம். ஐ7 12700கே அதே எல்ஜிஏ1700 சொக்கெட்டில் பொருந்தும். மதர்போட்டும் ரேமும் அப்படியே இருக்கும். பழுதானதை மறைத்து இன்னொருவருக்கு விற்காதீர்கள்.

கழற்றும்போது சொக்கெட்டின் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தேடியெடுத்து உடனே மூடுங்கள். உள்ளே இருக்கும் 1700 மெல்லிய ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் மதர்போட்டின் வாரண்டி போய்விடும். மாற்றாக வரும் புரொசஸரைப் புதிய பயோஸ் ஏறிய மதர்போட்டில் மட்டுமே பூட்டுங்கள். பழைய பயோஸில் போட்டால் அதுவும் அதே வழியில் தேயத் தொடங்கும்.