இரண்டு சென்ட் ஆரஞ்சு வள்ளிக்கிழங்கு: கொடி நடுவது முதல் கொடி காப்பது வரை

சர்க்கரைவள்ளி நமக்குப் புதிதில்லை, தெற்கே சீனிக்கிழங்கு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நாம் அவித்துத் தின்பது பெரும்பாலும் உள்ளே வெளுத்த கிழங்கு. திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 2017-இல் வெளியிட்ட பூ சோனா என்ற, உள்ளே ஆரஞ்சு நிறமான ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. வழக்கமான ரகங்களில் 2, 3 மில்லிகிராம்தான். உடம்பு இதைத்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இரண்டு சென்டாவது போடுங்கள்.

படி 1: கொடி. வாங்கும் இடத்தில் ஒரு கிழங்கை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், தோலின் நிறத்தை நம்பவே கூடாது. சதை கேரட் நிறத்தில் இருக்க வேண்டும். கொடியின் நுனிப்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு, 3, 4 கணு வருகிற மாதிரி வெட்டுங்கள். அடித்தண்டு வேண்டாம், கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு அங்கேதான் முட்டை வைத்திருக்கும். வெட்டியதைக் கட்டாகக் கட்டி இரண்டு நாள் நிழலில் வைத்தால் கணுவில் வேர் எட்டிப் பார்க்கும், அப்போது நட்டால் சீக்கிரம் பிடிக்கும்.

படி 2: நடவு. சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டு உழுது, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் (நீள மண்மேடு) பிடித்து, 20 சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு நடுங்கள். சென்டுக்கு 330 துண்டு வரும். கையில் 50தான் இருக்கிறதா? முதலில் அதை ஒரு பாத்தியில் வளர்த்து வெட்டிப் பெருக்கிக்கொள்ளலாம். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், கொடிதான் காடாக ஓடும், கிழங்கு இறங்காது.

படி 3: பார் அணைப்பது. களை எடுக்கும்போதே மண் அணையுங்கள். படர்ந்த கொடியை அவ்வப்போது தூக்கிப் புரட்டி விடுங்கள், இல்லாவிட்டால் கணுவுக்குக் கணு வேர் விட்டுச் சத்தைப் பிரித்துக்கொள்ளும். கிழங்கு பருக்கும்போது பாரில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு உள்ளே போகிறது, அது துளைத்த கிழங்கு கசக்கும், அவித்தாலும் கசப்பு போகாது. வெடிப்பைக் கண்ட அன்றே மண் தள்ளி மூடுங்கள். அதே இடத்தில் அடுத்த போகமும் வள்ளி வேண்டாம்.

படி 4: தோண்டுவது, தின்பது. மூன்றரை மாதத்தில் தோண்டலாம். தோலோடு அவித்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்தோ தேங்காய்ப்பூ போட்டோ கொடுங்கள், கொழுப்பு சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும். பள்ளிக்குப் போகும் முன் வயதுப் பிள்ளைக்கு 125 கிராம் ஒரு நாளைய தேவைக்குப் போதும். விற்கப் போனால் நிறத்தைப் பார்த்து ஆட்கள் தயங்குவார்கள், அவித்த துண்டு நாலைக் கையில் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டிலும் ருசிதான் முதல் சிக்கல்: ஆரம்பத்தில் வந்த ஆரஞ்சு ரகங்கள் நீர்த்துப் போயிருந்தன, மாவாக உதிரும் கிழங்குக்குப் பழகியவர்களுக்குப் பிடிக்கவில்லை, வறட்சியில் கொடியும் காய்ந்தது. அப்புறம் வள்ளிக்கிழங்கு ஆராய்ச்சியாளர் மரியா ஆண்ட்ராடே குழுவினர் வறட்சி தாங்கும் 15 ரகங்களை 2011-இல் கொண்டுவந்தார்கள். 2016-இல் உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் அவரும் ஒருவர்.

படி 5: கொடியைக் காப்பது. எல்லாரும் கோட்டை விடும் இடம் இது. முதல் வருடம் நல்ல விளைச்சல் எடுத்தும், கோடையில் கொடி மொத்தமும் காய்ந்து நான் மறுபடி அலைந்தேன். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் வாழைக்கு அடியில் நாலு கொடி ஓடட்டும். மானாவாரி என்றால் உகாண்டாவிலும் தான்சானியாவிலும் செய்கிற மாதிரி செய்யுங்கள்: வண்டு தொடாத சின்னக் கிழங்குகளை ஒன்றோடொன்று படாமல், உலர்ந்த ஆற்று மணலில் அடுக்கடுக்காக ஒரு பழைய பேசினில் புதைத்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். மாதம் ஒரு தடவை கிளறி, அழுகியதை எடுத்துவிடுங்கள். மழைக்கு 6 முதல் 8 வாரம் முன்பு வீட்டுப் பக்கத்தில் பாத்தி கட்டி நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினாலும் போதும், ஆடு மேயாமல் முள் வைத்து அடையுங்கள். ஒரு கிழங்கிலிருந்து சுமார் 40 துண்டு வெட்டலாம். கொடியிலிருந்து கொடி என்பதால் எத்தனை வருடம் போனாலும் நிறமும் சத்தும் மாறாது, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுங்கள், உங்களுடையது காய்ந்தால் அங்கே இருக்கும்.