மட்டம் பார்க்க மூணு குச்சி, ஒரு கல்லு போதும்

சரிவு நிலத்துல மழைத்தண்ணி தேங்க வரப்போ குழியோ வெட்டுறீங்கன்னா மட்டம் பார்க்க மெஷினெல்லாம் வேண்டாம். ஆளுயரத்துக்கு ரெண்டு குச்சிய உச்சியில சேத்துக்கட்டி கால விரிச்சு, நடுவுல குறுக்கா ஒண்ணு கட்டி (இங்கிலீஷ் ஏ எழுத்து மாதிரி வரும்), உச்சியிலருந்து கயித்துல ஒரு கல்லு, குறுக்குக்குச்சிக்கு கீழ வர்ற மாதிரி தொங்கவிடுங்க. கால் நிக்கிற ரெண்டு எடத்தையும் தரையில குறிச்சுட்டு, கயிறு குறுக்குக்குச்சியில படுற எடத்துல பென்சில் கோடு போடுங்க, அப்புறம் கால இடம் வலமா மாத்தி அதே குறியில வச்சு இன்னொரு கோடு, ரெண்டுக்கும் நடு சென்டர்தான் மட்டம். இனிமே ஒரு கால ஊணி அடுத்த கால மேலயும் கீழயும் நகத்தி, கயிறு சென்டருக்கு வந்ததும் முளை அடிச்சுட்டு அப்படியே நடந்துட்டே போகலாம், பசங்க கூட அஞ்சு நிமிஷத்துல புடிச்சுக்குவாங்க.

கயிறு எப்பவும் நேரா கீழதான் தொங்கும். குச்சி நீளம் முன்னபின்ன இருந்தாலும் கால மாத்தி வைக்கிறப்போ அதே அளவு எதிர்ப்பக்கம் விலகுறதால நடுவுல தப்பு அடிபட்டுடும். மட்டக்கோட்டுல வெட்டுன குழியில தண்ணி ஒரு மூலைக்கு ஓடி கரைய உடைக்காம, முழு நீளத்துக்கும் பரவி மண்ணுக்குள்ள இறங்கும்.

காத்து பலமா அடிச்சா கயிறு ஆடிட்டே இருக்கும், அன்னைக்கு விட்டுடுங்க. கிட்டத்தட்ட சமதரைன்னா இது பத்தாது, தண்ணி நிரப்புன டியூப்தான் சரி. மண்ணு சரியிற செங்குத்து சரிவுல தண்ணிய நிறுத்துற வேலையே வேண்டாம், சரிவு இன்னும் மோசமாகும்.