ஹைப்போவா, ஹைப்பரா? சீனி வருத்தத்தில் மாறிப்போகும் சொற்கள்

விசுவமடுவிலிருந்து பெரியம்மா ஒரு கிளினிக் நாள் விடியப்புறம் முதல் பஸ் ஏறினார். இரத்தம் கொடுக்கவேண்டும் என்று சாப்பாட்டை விட்டவர், சீனிக் குளிசையை விடவில்லை. வரிசையில் நிற்கும்போதே வேர்த்துக்கொட்டி, கை நடுங்கத் தொடங்கியது. "சீனி ஏறிட்டுது போல, இனிப்பு ஒண்டும் குடுக்காதேங்கோ" என்றார் பக்கத்தில் நின்றவர். தாதி விரலில் குத்திப் பார்த்தால் 54!

இதுதான் ஹைப்போகிளைசீமியா, இரத்தத்தில் சீனி குறைந்துபோவது. கிரேக்கத்தில் ஹைப்போ என்றால் கீழே, ஹைப்பர் என்றால் மேலே. காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் வைத்தியம் நேரெதிர். 70க்குக் கீழே போனால் ஹைப்போ. அப்போது சீனி வருத்தக்காரருக்கும் சீனிதான் மருந்து: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்கவேண்டும். சரியானதும் சாப்பாடு. நினைவு தப்பியவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, புரைக்கேறிவிடும். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும்.

சீனி கூடிப்போகும் ஹைப்பர் இப்படிப் பாய்ந்து வராது. தாகம், அடிக்கடி சலம் போதல், களைப்பு என்று மெல்ல ஏறும். சிலருக்கு ஒரு குணமும் தெரியாது. வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுபடி சோதித்தும் அப்படியே வந்தால் நீரிழிவு. 'பனங்கட்டிதானே, சீனி இல்லையே' என்பவர்களுக்கும் ஏறும்.

கொப்பியில் ஹைப்போ என்று கண்டாலே சீனி என்று நினைக்கவும் வேண்டாம். ஹைப்போதைராய்டு என்பது தைராய்டு சுரப்பு குறைவது.

அப்புறம் வெளிநாட்டு மெஷின். லண்டனிலிருந்து மகன் அனுப்பியது 15 என்று காட்டும். 'ஐயோ, 15க்கு இறங்கிட்டுது' என்று சீனி கரைக்க ஓடாதீர்கள். அங்கே அளவு மில்லிமோல், இங்கே மில்லிகிராம். 18ஆல் பெருக்கினால் 270. கனடாவில் இருக்கிற தம்பியின் 7உம் இங்கே 126தான்.

பெரியம்மாவுக்குக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இப்போது குளிசையும் ரொட்டியும் ஒரே பைக்குள்; இரத்தம் எடுத்த பிறகுதான் பையை அவிழ்க்கிறார்.