கடற்கரைக் கல்லூரி ஒன்றின் கால்பந்து மைதானத்துக்கு வரலாறு எழுதுவது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கல்லூரி மைதானத்தின் வரலாற்றை எழுத முனைகிறவர்கள் பெரும்பாலும் திறப்பு விழாக் கல்வெட்டின் முன்னால் நின்று, அதிலுள்ள பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கல் திறந்துவைத்தவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். அதற்கு முன் அந்த இடம் பனங்காடாக இருந்ததா, மேய்ச்சல் தரையாக இருந்ததா, மண்ணைச் சமப்படுத்தியவர்கள் யார், முதல் கோல் கம்பம் எங்கே நடப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்காது. ஆகவே கல்லை விட்டுவிட்டு நிலத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் மைதானத்தின் புல எண்ணை (சர்வே எண்) தெரிந்துகொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (ஊர் நிலங்களைப் புல எண் வாரியாகப் பதிந்த ஏடு) புலப்படத்தையும் பாருங்கள். 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென ஒரு பத்தி உண்டு; அந்த எண்ணைக் கொண்டுதான் முந்தைய பதிவுகளுக்குள் நுழைய முடியும். இந்தக் கடற்கரையின் பெரும்பகுதி இராமநாதபுரம் ஜமீனாக இருந்தது என்பதையும், 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசு நில அளவையும் வரித்திட்டமும் இங்கு முறையாக வந்தன என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு முந்தைய செய்திகளைத் தாலுகா அலுவலகத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. ஜமீன் காலத்து ஆவணங்களையும் தேட வேண்டியிருக்கும். அரசுக் கல்லூரியாக இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, நிலம் ஒதுக்கிய ஆணையின் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்தது கோப்பைகள். உடற்கல்வித் துறையின் அலமாரியில் கறுத்துப்போய்க் கிடக்கும் கேடயங்களைத் துடைத்து, அவற்றில் பொறித்திருப்பதைப் படியுங்கள். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கி, 1978-இல் காமராசர் பெயரைப் பெற்றது. ஆகவே வெறும் 'மதுரைப் பல்கலைக்கழகம்' என்று பொறித்த கோப்பையில் ஆண்டு அழிந்திருந்தாலும், அது ஏறக்குறைய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வென்றது என்று கொள்ளலாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் 1985-இல் உருவானது. இம்மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தது அதற்குப் பின்னர்தான். பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும் அதே 1985-இல்தான் என்பதால், அதற்கு முந்தைய 'மாவட்டப் போட்டி' என்பதில் இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளும் அடங்கும். இதைக் கவனிக்காமல் எழுதினால், மூன்று மாவட்ட அளவிலான ஒரு பெரிய வெற்றியை நாம் அறியாமலே சிறியதாக்கிவிடுவோம்.

மைதானத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள். நான் ஒரு கல்லூரியில் இந்த வேலையைச் செய்தபோது, கிழக்கு ஓரத்தில் உடைமரத்தடியில் காரைக்குள் புதைந்த இரண்டு இரும்புக் குழாய்களின் அடிக்கட்டைகளைக் கண்டேன். உப்புக் காற்றில் அவை இதழ் இதழாக உரிந்து, தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டியது. நாடாவைப் பிடித்தபோது இடைவெளி சரியாக 24 அடி இருந்தது. கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி, அதாவது 7.32 மீட்டருக்கு 2.44 மீட்டர். இன்றைய கம்பங்களோ வடக்கிலும் தெற்கிலும் நிற்கின்றன. அப்படியானால் முன்பு ஆட்டம் கிழக்கு மேற்காக நடந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. ஓய்வுபெற்ற காவலாளி ஒருவரிடம் கேட்டபோது, மாலை வெயில் கீழ்ப்பக்கத்துக் கோல் கீப்பரின் கண்ணில் நேராக அடித்ததால் மைதானத்தையே திருப்பிப் போட்டார்கள் என்றார். எந்தக் கோப்பிலும் இல்லாத அந்தச் செய்தியைக் காட்டிக்கொடுத்தவை துருப்பிடித்த இரண்டு கட்டைகளே.

முதியவர்களிடம் பேசுவதற்குக் காலம் பார்த்துச் செல்ல வேண்டும். பழைய ஆட்டக்காரர்களில் பலர் விசைப்படகுத் தொழிலில் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்கள் கரையில் இருப்பதால் நிதானமாகப் பேசுவார்கள். கீழக்கரைப் பக்கம் 'காக்கா' (அங்கே அண்ணனைக் குறிக்கும் சொல்) என்றும், மீனவர் குடியிருப்புகளில் 'அண்ணே' என்றும் அழைத்துப் பேச்சைத் தொடங்குங்கள். 'எந்த வருடம்?' என்று கேட்டால் பெரும்பாலும் தவறான விடைதான் வரும். 'தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு முன்னாலா, பின்னாலா?' என்று கேளுங்கள். 1964 டிசம்பரை இந்தக் கரையில் மறந்தவர் இல்லை. வாடைக் காற்றிலா, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றிலா ஆடினீர்கள் என்று கேட்டால் பருவமும் கிடைத்துவிடும். நாணயச் சுண்டலில் வென்றவர் காற்றை முதுகில் வாங்கும் பக்கத்தையே முதலில் கேட்டிருப்பார் என்பதால், அந்த நினைவு அவர்களிடம் அழியாமல் இருக்கிறது.

நினைவைச் சரிபார்க்க விளையாட்டின் விதிகளே உதவும். மஞ்சள், சிவப்பு அட்டைகள் உலகக் கோப்பையில் முதன்முதலாக வந்தது 1970-இல். 1965 ஆட்டத்தில் நடுவர் சிவப்பு அட்டை காட்டினார் என்று ஒருவர் சொன்னால், வெளியேற்றியது உண்மையாக இருக்கலாம், அட்டை பிற்காலத்தில் நினைவில் வந்து சேர்ந்தது. அவரை மறுத்துப் பேசாமல், அடைப்புக்குள் ஒரு குறிப்பு எழுதுங்கள். புகைப்படத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட பந்து இருந்தால், அதுவும் பெரும்பாலும் 1970-க்குப் பிந்தையதே. வெறுங்காலைக் கண்டு வறுமை என்று எழுதிவிடவும் வேண்டாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினரில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள்.

பெயரையும் விசாரியுங்கள். இராமநாதபுரத்தில் உள்ள சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம், கீழக்கரை வள்ளலையும் சேதுபதி மன்னரையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்திருக்கிறது. உங்கள் மைதானத்துக்கு மாணவர்கள் வழங்கும் பெயர் பலகையில் உள்ளதற்கு வேறாக இருந்தால், இரண்டையும் எழுதுங்கள்.

சேகரித்த படங்களைச் சபராளிகளின் (வெளிநாடு சென்று பிழைப்பவர்களின்) வீட்டு ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்காமல், அங்கேயே ஸ்கேன் செய்துகொண்டு, நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக அப்போதே எழுதிவிடுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் காகிதம் விரைவில் நைந்துபோகும். எழுதி முடித்த வரலாற்றின் ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும், இன்னொன்றைக் கடலிலிருந்து தள்ளியுள்ள ஏதாவது ஒரு நூலகத்திலும் கொடுத்து வையுங்கள்.